நாற்றங்காலில் அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

பெரியாறு பாசனத்தில் நெல் நாற்று விடும் நேரம். அசோஸ்பைரில்லம் தழைச்சத்து பிடித்துக் கொடுக்கும் பாக்டீரியா உரம்; சூடோமோனாஸ் நோயைத் தடுக்கும் பாக்டீரியா மருந்து. ஒரே மாதிரிக் கேள்விகள் வருவதால் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

வாடிப்பட்டி: அண்ணே, விதையோடு எதை, எவ்வளவு கலக்க வேண்டும்?

கிலோ விதைக்கு சூடோமோனாஸ் 10 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். கரைத்து விதையைக் கொட்டி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அசோஸ்பைரில்லத்தையும், மண்ணிலுள்ள மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியாவையும் அதே தண்ணீரில் சேர்க்கலாம், ஒன்றோடொன்று சண்டை போடாது. காலையில் வடித்து, சாக்கில் கட்டி முளைகட்டுங்கள். வடித்த தண்ணீரை வாய்க்காலில் கொட்டாமல் நாற்றங்காலில் ஊற்றுங்கள்.

அலங்காநல்லூர்: அசோஸ்பைரில்லம் போட்டேன். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. போலி மருந்தா?

முடிச்சு வராது. கடலை, உளுந்து வேரில் முடிச்சுப் போடுவது ரைசோபியம், அது வேறு சாதி. அசோஸ்பைரில்லம் நெல் வேரின் மேலும் இடுக்கிலும் ஒட்டிக்கொண்டு, வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று வாழும். காற்றிலுள்ள தழைச்சத்தைக் கொஞ்சம் பிடித்துக் கொடுக்கும். நாற்றுப் பருவத்தில் அதைவிடப் பெரிய லாபம், அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கி. அதனால்தான் பக்கவேரும் வேர்த்தூவியும் கூடும்.

சோதிக்க வேண்டுமானால், அடுத்த முறை ஒரு பாத்திக்கு மட்டும் நேர்த்தி செய்யாத விதையைப் போடுங்கள். நாற்று தயாரானதும் இரண்டிலும் ஒரு கைப்பிடி பிடுங்கி, மண் போகத் தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். சல்லிவேர் எதில் அடர்த்தி என்று கண்ணுக்கே தெரியும். இலை உயரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். யூரியா வீசினாலும் இலை உயரும்.

மேலூர்: விதைக்கு ஏற்கெனவே கார்பன்டாசிம் போட்டுவிட்டேன். மேலே சூடோமோனாஸ் பூசலாமா?

வேண்டாம். பூஞ்சாண மருந்தையும் உயிர் மருந்தையும் ஒரே விதையில் சேர்க்கக் கூடாது. அதற்குப் பதில் நடவன்று நாற்றின் வேரை உயிர் உரக் கரைசலில் நனைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் 2 பொட்டலம், பாஸ்போபாக்டீரியா 2 பொட்டலம் (200 கிராம் பொட்டலம்), 16 லிட்டர் தண்ணீர். நாற்றுக் கட்டுகளின் வேர் கால் மணி முதல் அரை மணி நேரம் முங்கியிருக்கட்டும். நடவு ஆட்கள் அவசரப்படுத்துவார்கள்; கரைசலை முன்பே வரப்பில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சோழவந்தான்: இந்த உயிர் உரங்களை டிஏபி உரத்தோடு கலந்து வீசலாமா?

கூடாது. பொட்டலத்தில் இருப்பது உயிர். உப்பும் வெயிலும் ஆகாது. நடவு வயலுக்கு ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா வகைக்கு 4 பொட்டலம், மக்கிய தொழுவுரம் 10 கிலோ, மண் 10 கிலோ கலந்து சாயங்காலம் வீசுங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள்.

திருமங்கலம்: நாற்று வெளுக்கிறது. அசோஸ்பைரில்லம் விட்டால் பச்சை திரும்புமா?

முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. நுனிக்குருத்து வெளுத்தால் இரும்புச்சத்து. தண்ணீர் நிற்காமல் காயும், சுண்ணாம்பு உள்ள நாற்றங்காலில் இது சகஜம். இரண்டையுமே பாக்டீரியா நாலு நாளில் சரிசெய்யாது.

உசிலம்பட்டி: அசோஸ்பைரில்லம் போட்டால் யூரியாவை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம் தம்பி. அளவாகப் போடுங்கள். தழைச்சத்து மண்ணில் ஏராளமாகக் கிடந்தால் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து பிடிக்கிற வேலையையே விட்டுவிடும். இலையின் பச்சையை எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள்: வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு எண் 4. அதற்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் மேலுரம். அட்டை இல்லாவிட்டால் ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள்.