பந்தியை விட்டு எழுந்த பேதுரு

அன்புள்ள ஐயா,

கலாத்தியர் 2-ம் அதிகாரத்தில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தது சரியா? மத்தேயு 18:15 தனியே சொல்லச் சொல்கிறதே? பந்தியை விட்டு விலகியதற்கும் விசுவாசத்தினால் நீதிமானாவதற்கும் என்ன சம்பந்தம் என்றும் விளங்கவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

பந்தியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தியோகியாவில் பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். 12-ம் வசனத்தில் 'சாப்பிட்டான்' என்பதற்குரிய கிரேக்க வினை, வழக்கமாகச் சாப்பிட்டுவந்ததைக் குறிக்கும். எந்த மனுஷனையும் தீட்டுள்ளவனென்று தள்ளக் கூடாது என்று, புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டில் கற்றுக்கொண்டதை அதுவரை கடைப்பிடித்தவர்தான். வந்த யூதருக்குப் பயந்ததும் விலகினார். அதனால்தான் பவுல் இதை 'மாயம்' என்கிறார். மூலச்சொல் ஹுபோக்ரிசிஸ், நாடகத்தில் வேஷம் கட்டி நடிப்பதற்குரிய சொல்.

மற்ற யூதரும் பேதுருவின் பின்னால் போனார்கள். பவுலோடு ஊர் ஊராகப் போய்ப் புறஜாதியாருக்குப் பிரசங்கித்த பர்னபாவே இழுப்புண்டார்! இனி ஒரு புறஜாதி விசுவாசி இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் யூத முறைமைக்கு மாறியாக வேண்டும். வாயைத் திறந்து யாரும் அப்படிச் சொல்லவில்லை, எழுந்துபோனதே போதுமாக இருந்தது. 14-ம் வசனத்தில் 'எப்படிக் கட்டாயம்பண்ணலாம்' என்று பவுல் கேட்பது இதனால்தான். கிரேக்கனான தீத்து எருசலேமில் விருத்தசேதனத்துக்குக் கட்டாயம்பண்ணப்படவில்லை என்று 3-ம் வசனத்தில் வருவதும் அதே கிரேக்க வினைதான். எருசலேமில் கிடைத்த விடுதலை அந்தியோகியாவின் சாப்பாட்டில் பறிபோகப் பார்த்தது.

16-ம் வசனத்தை இந்த இடத்தில் வைத்து வாசியுங்கள். நீதிமானாக்கப்படுதல் என்னும் வினை இந்த நிருபத்தில் முதலில் வருவது இங்கேதான், ஒரே வசனத்தில் மூன்று முறை. 'சுபாவத்தின்படி யூதராயிருக்கிற நாமும்' என்கிறபோது பேதுருவும் அந்த 'நாமில்' உண்டு. நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலேயே தேவன் ஒருவனை நீதிமானாக ஏற்கிறார் என்று அவருக்குத் தெரிந்ததையே பவுல் நினைப்பூட்டுகிறார். கிறிஸ்துவின்மேல் வைத்த விசுவாசத்தால் தேவன் நீதிமானாக்கியவனைப் பந்தியில் தள்ளிவைக்க யாருக்கு அதிகாரம்?

மத்தேயு 18 பேசுவது 'உனக்கு விரோதமாக' ஒருவன் செய்த குற்றத்தை. இங்கே ஊரறிய நடந்தது, சபையே இரண்டாகப் பிரிந்தது. தனியே பேசியிருந்தால் தள்ளப்பட்டவர்களுக்கு என்ன பதில்? ஆனால் இந்தப் பகுதியைக் காட்டி ஆளில்லாத இடத்தில் போதகரைத் தூற்றுவோரை நான் ஏற்கமாட்டேன். பவுல் 'முகமுகமாய்' எதிர்த்தார்.

இந்தக் கண்டிப்பு பேதுருவும் பவுலும் முன்பே பேசிவைத்துக்கொண்டு நடித்தது என்று ஆதித் திருச்சபையின் வேத அறிஞர் ஜெரோம் விளக்கினார். அவர் காலத்துப் பேராயர் அகஸ்டின் கடிதம் எழுதி மறுத்தார். நான் அகஸ்டின் பக்கம். 'இவைகள் பொய்யல்ல' என்று 1:20-ல் தேவனுக்கு முன்பாகச் சொன்னவர், அடுத்த அதிகாரத்தில் ஒரு நடிப்பை நிஜமென்று எழுதுவாரா?