மகன் தேறிவிட்டான், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. இன்ஜினியரிங் முடித்தவன். போன வருடம் யாரோ திட்டுவதாகச் சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டான். டிவியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். குளிக்கவில்லை, தூங்கவில்லை. குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கினோம். பிறகு மனநல மருத்துவர் மனச்சிதைவு நோய் என்று சொல்லி ரிஸ்பெரிடோன் கொடுத்தார். நான்கு மாதத்தில் தேறிவிட்டான். நான் கண்டித்து வளர்த்ததால் வந்ததா? மாத்திரை பழக்கமாகிவிடும், நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மா. ஆள் தெளிந்ததும் "இனி எதற்கு?" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, சில மாதங்களில் பழைய நிலையில் மகனைக் கூட்டிவரும் குடும்பங்கள் மிக அதிகம்.

உங்கள் வளர்ப்பால் இது வரவில்லை. ஒரு காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்கள் சிலரே தாய்மார்மீது பழி போட்டார்கள். அந்தக் கருத்து எப்போதோ கைவிடப்பட்டது. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 10 சதவீதம் அளவுக்கு உயர்கிறது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட பாதி. ஆக, மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. தாய் வயிற்றில் இருக்கும்போது ஏற்பட்ட தொற்று, பிரசவச் சிக்கல், விடலைப் பருவத்தில் கஞ்சா ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. கல்லூரியில் கஞ்சா பழக்கம் இருந்ததா என்று கோபப்படாமல் கேளுங்கள். மீண்டும் தொட்டால் நோய் திரும்பலாம்.

மூளையில் டோபமைன் என்றொரு வேதிப்பொருள் உண்டு. எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று அடையாளம் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. இந்நோயில் மூளையின் ஒரு பகுதியில் அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அப்போது தெருவில் யாரோ சிரிப்பதும் டிவியில் செய்தி வாசிப்பதும் தன்னைக் குறிவைத்தே நடப்பதாகத் தோன்றும். உங்கள் மகன் நடிக்கவில்லை. அந்தக் குரல் அவனுக்கு உண்மையாகவே கேட்டது.

1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்து இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கியது. அதற்குப்பின் வந்த மருந்துகளில் ஏறக்குறைய எல்லாமே டோபமைன் ஏற்பிகளை, அதாவது மூளைச் செல்களில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களை, கட்டுப்படுத்துபவைதான், ரிஸ்பெரிடோனும் அப்படியே. இது போதை தரும் மருந்தல்ல. இன்னும் வேண்டும் என்ற ஏக்கத்தை உண்டாக்காது. நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து சுமார் 5 மடங்கு என்று ஓர் ஆய்வு காட்டியது. முதல் முறை வந்தவர்கள் தேறிய பின்னும் 1 முதல் 2 ஆண்டுகளாவது சாப்பிட வேண்டும். பிறகு குறைப்பதானாலும் மருத்துவர் மெல்ல மெல்லத்தான் குறைப்பார்.

பக்கவிளைவுகளை மறைக்க மாட்டேன். கை நடுக்கம், உடல் இறுக்கம், எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் வரலாம். ரிஸ்பெரிடோன் சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கும், ஆண்களுக்கு மார்பு பெருக்கவும் செய்யலாம். இதை எந்தப் பையனும் அம்மாவிடம் சொல்ல மாட்டான். சத்தமில்லாமல் மாத்திரையைத் துப்பிவிடுவான். அதனால் ஒவ்வொரு முறையும் அவன் மருத்துவரைத் தனியே பார்க்கட்டும். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், மாதம் ஒரு ஊசியாகவும் போடலாம். இரண்டு மருந்துகள் கேட்காதபோது குளோசபின் என்ற மருந்து இருக்கிறது. அதனால் ரத்த வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் தொடக்கத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை தேவை.

குரல்கள் நின்ற பின்னும் அவன் ஆர்வமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அது சோம்பேறித்தனமல்ல, நோயின் இன்னொரு முகம். மாத்திரை அதற்கு அவ்வளவாக உதவாது. சின்னச் சின்ன வேலைகளும் பயிற்சியும்தான் உதவும். கண்டிப்பால் நோய் வரவில்லை என்றேன். ஆனால் நோய் வந்தபின் ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் அது திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது, உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கோயிலுக்குப் போவது உங்கள் விருப்பம், மாத்திரை கூடவே வரட்டும்.

கல்யாணம் மருந்தல்ல. அவன் நிலைபெற்று, அவனே விரும்பினால், பெண் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிச் செய்யுங்கள். மறைத்துச் செய்த இடங்களில், மனைவிக்குத் தெரியக்கூடாதென்று மாத்திரை நின்றுபோகிறது.

தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் கெட்டாலோ, தனக்குள் பேசிச் சிரித்தாலோ, சாப்பாட்டைச் சந்தேகித்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே, தனியே விடாமல் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.