கழுத்து வீக்கத்துக்கு உப்பைக் கூட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது, இரண்டரை மாதக் கர்ப்பம். கழுத்தின் முன்பக்கம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எனக்கும் சின்ன வயதில் கழலை இருந்தது. அயடீன் குறைவாம், உப்பைக் கூட்டிப் போடு, கோவாவை (முட்டைக்கோசை) நிறுத்து என்று லயத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா? - ஒரு தாய், தலவாக்கலை

பதில்: உப்பைக் கூட்ட வேண்டாம் அம்மா. மகளை இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போய் வீக்கத்தைக் காட்டி, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதல் மூன்று மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் தைரொயிட் சுரப்பி வேலை செய்யாது. மூளை வளரத் தேவையான ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். அதைச் சுரக்க அயடீன் தேவை. மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250 வேண்டும்.

உங்கள் சின்ன வயதுக் கதை வேறு. நம் மலைகளில் பெய்யும் மழை மண்ணிலிருந்த அயடீனைக் காலங்காலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. இங்கே விளையும் மரக்கறியிலும் அது குறைவு, கடல் மீனும் தினம் கிடைப்பதில்லை. அயடீன் போதாவிட்டால் சுரப்பி பெருத்து ஈடுகட்டப் பார்க்கும், கழலை அப்படித்தான் வரும். இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இல் சட்டமானது. அதனால் இன்று ஒரு பெண்ணுக்குக் கழுத்து வீங்கினால் அயடீன் குறைவு என்று உடனே முடிவுகட்ட முடியாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோயாகவும் இருக்கலாம். அது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, அளவுக்கு மீறிய அயடீன் அதை மோசமாக்கலாம். ஆகவே டொக்டர் சொல்லாமல் அயடீன் மருந்து எதுவும் வேண்டாம்.

கோவாவை நன்றாக வேகவைத்து அளவாகச் சாப்பிடட்டும், பயமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது உப்புப் பாத்திரத்தைத்தான். பக்கெட்டில் அயடீன் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கட்டி உப்பை அழுக்குப் போகக் கழுவினால் மேலே தெளித்த அயடீனும் தண்ணீரோடு போய்விடும். ஈரம் பிடிக்காமலிருக்க அடுப்புக்கு மேலே திறந்து வைப்பதும் கூடாது, சூட்டிலும் ஈரத்திலும் அயடீன் குறைந்துகொண்டே போகும். இறுக மூடி வைத்து, கறியை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுங்கள். எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருந்தால் சரி. கூட்டினால் பிரஷர்தான் ஏறும். முடிந்த நாட்களில் முட்டை, பால், மீன் கொடுங்கள்.

வீக்கம் கல் போலக் கெட்டியாக இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பரிசோதனைக்குப் பிறகு, குறைந்த தைரொயிட் ஹார்மோனை ஈடுகட்டும் தைரொக்சின் குளிசை கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தேத்தண்ணி அரை மணி நேரமாவது கழித்துத்தான். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சேர்த்துக் குடித்தால் தைரொக்சின் உடம்பில் சரியாகச் சேராது. பிள்ளை பிறந்ததும் அதைத் தானாக நிறுத்திவிடாமல், டொக்டரிடம் கேட்டே அளவை மாற்ற வேண்டும்.