லித்தியம் சாப்பிடும் மகன் காவடி எடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 16 வயது மகனுக்கு பைபோலார், அதாவது இருமுனை மனநிலைக் கோளாறு. லித்தியம் சாப்பிடுகிறான், இப்போது பரவாயில்லை. இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்கிறான். விரதம் இருக்கும் 10 நாளும் மாத்திரை வேண்டாம், முருகன் பார்த்துக்கொள்வான் என்கிறார் மாமியார். விடலாமா?

பதில்: காவடிக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். தற்கொலை ஆபத்தும் கூடும். மாமியார் தன் பிரஷர் மாத்திரையை விரதத்தில் நிறுத்துவாரா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கவலை உப்பும் தண்ணீரும்தான். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால், சிறுநீரகம் உப்போடு லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால் மரக்கறிச் சாப்பாடு சரி. உப்பில்லா விரதமும் பட்டினியும் வேண்டாம். டர்பன் வெயிலில் வியர்வை ஊற்றும். ஊர்வலத்தில் தண்ணீர் பாட்டிலோடு யாராவது கூடவே நடக்கட்டும். கால் வலிக்கு ஐபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், அதுவும் லித்தியம் அளவை ஏற்றிவிடும், பாரசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், தூக்கம். விடிய விடிய பஜனை என்றால் அவனைப் பாதியில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். கண்விழிப்பு ஒன்றே மேனியாவை, அதாவது இந்த நோயின் அளவு மீறிய உற்சாக நிலையை, கிளப்பப் போதும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். வேண்டுதல் நிதானமான ஆசையா, நோய் பேசுகிறதா? 'எல்லாரையும்விடப் பெரிய காவடி, இன்னும் நிறைய அலகு' என்று திட்டம் நாளுக்கு நாள் பெருத்து, மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் பேசித் தள்ளினால், அது பக்தி என்று இருந்துவிடாதீர்கள். பதின்வயதுக் கோபமும் குஷியும் சில மணி நேரத்தில் அடங்கும். மேனியா நாள்கணக்கில் நிற்கும், தூக்கத்தின் தேவையையே குறைக்கும்.

விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி லித்தியம் அளவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, இருந்தால் செலவைக் கேட்டு வாங்குங்கள்: தென்னாப்பிரிக்காவில் இந்தக் காப்பீட்டுத் திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் பைபோலாரும் இருக்கிறது.