மருந்து குறைந்த இடத்தில் ஊதா ஏன் அடர்ந்தது?

கேள்வி: நுண்ணுயிரியல் முதுகலை மாணவி நான். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை 96 வெல் (சிறு குழி) உள்ள பிளாஸ்டிக் பிளேட்டில் ஆம்பிசிலினோடு வளர்த்து, கழுவி, ஒட்டியிருப்பதைக் காட்டும் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஏற்றினேன். எம்.ஐ.சி.யில் (வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அளவில்) கால்வாசி மருந்து இருந்த வெல்களில், மருந்தே இல்லாத வெல்களைவிட ஊதா அடர்த்தியாக வருகிறது. மூன்று முறை செய்தும் அப்படியே. எங்கே தப்பு?

பதில்: தப்பு என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று முறையும் அதே அளவில் கூடுகிறது என்றால், பெரும்பாலும் பாக்டீரியாதான் உங்களுக்கு எதையோ காட்டுகிறது.

ஆம்பிசிலின் செல்சுவர் கட்டுமானத்தைக் கெடுக்கிறது. முழு அளவில் கொடுத்தால் வளர்ச்சியே நின்றுவிடும். கால்வாசியில் பெரும்பாலான செல்கள் பிழைத்துக்கொள்ளும், சில மட்டும் தம்முடைய சுவரைத் தாமே கரைக்கும் நொதியால் உடைந்துபோகும். உடைந்த செல்லிலிருந்து வெளியே கொட்டும் டி.என்.ஏ. நீளமான, பிசுபிசுப்பான இழை. பிழைத்த செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கில் படலமாக (பயோஃபிலிம்) ஒட்டிக்கொள்கின்றன. செத்தவை விட்டுச்சென்ற பசையில்தான் மற்றவை வீடு கட்டுகின்றன. ஆம்பிசிலின் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகள் ஸ்டெஃபைலோகாக்கஸில் இப்படிச் செய்வது ஏற்கெனவே பதிவான விஷயம். ஆனால் எல்லா ஸ்ட்ரெயினிலும் (ஒரே இனத்தின் உள்வகையிலும்) வராது.

இதைச் சோதிக்க, டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏஸ் நொதியை ஆரம்பத்திலேயே சேருங்கள். மருந்து உள்ள வெல், இல்லாத வெல் இரண்டிலும் சேர்க்க வேண்டும். சூடாக்கிச் செயலிழக்கவைத்த நொதியோடு இன்னொரு வரிசையும் வையுங்கள். கூடுதலாக வந்த ஊதா மட்டும் இறங்கினால், பசை டி.என்.ஏ.தான்.

அப்புறம், கழுவுவதற்கு முன் 600 நானோமீட்டரில் ஓ.டி. (வளர்ச்சியைக் காட்டும் கலங்கல் அளவு) எடுத்தீர்களா? பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வளர்ச்சி குறைந்தும் ஊதா கூடியிருந்தால் உங்கள் முடிவு இன்னும் வலுவாகிறது. ஓர வெல்களில் நீர் ஆவியாகும், அங்கே வெறும் மீடியம் ஊற்றிவிட்டு உள்வெல்களை மட்டும் கணக்கில் எடுங்கள். கரைத்த சாயம் பிளேட் ரீடர் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டும் அளவு அடர்ந்திருந்தால், நீர்க்கவைத்து அளவெடுங்கள். கிரிஸ்டல் வயலட் உயிருள்ள செல், செத்த செல், சுற்றியுள்ள பசை எல்லாவற்றிலும் ஏறும். அதனால் படலத்தைச் சுரண்டிக் கலைத்து, காலனியும் எண்ணி, உயிருள்ளவை எத்தனை என்று பாருங்கள்.

எல்லா மருந்துக்கும் இதே காரணம் சொல்ல முடியாது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் டோப்ராமைசின் குறைந்த அளவில் பயோஃபிலிமைக் கூட்டுகிறது என்று 2005-இல் காட்டினார்கள். அங்கே சைக்ளிக்-டை-ஜி.எம்.பி. என்ற உட்செல் சமிக்ஞை மாறுகிறது. அதே பாக்டீரியாவில் குறைந்த அளவு அசித்ரோமைசின் நேர்மாறு: செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குவோரம் சென்சிங்கைக் குலைத்து, படலத்தைத் தடுக்கிறது.

ஆய்வேட்டில் ஸ்ட்ரெயின், மீடியம், மருந்தின் அளவு மூன்றையும் சேர்த்தே முடிவை எழுதுங்கள். பாதியில் மருந்தை நிறுத்திய நோயாளியின் உடலிலும் இதேதான் நடக்கும் என்று இந்த ஒரு பிளேட்டை வைத்து எழுதிவிடாதீர்கள். அங்கே மருந்தின் அளவு மணிக்கு மணி ஏறி இறங்கும், நோய் எதிர்ப்புச் செல்களும் இருக்கும். உங்கள் வெல்லில் இவை இரண்டும் கிடையாது.