பஞ்சாயத்து தீர்மானம் போட்டுட்டா விவசாய நிலம் வீட்டுமனை ஆயிடுமா? (சேலம், அயோத்தியாப்பட்டணம் பக்கம்)

ஆகாதுங்க. பஞ்சாயத்து தீர்மானம்ங்கறது 'எங்களுக்கு ஆட்சேபனை இல்ல'ன்னு சொல்ற ஒரு பேப்பர், அவ்ளோதான், அத காட்டி புரோக்கர் அட்வான்ஸ் கேட்டா கொடுத்துடாதீங்க. மொதல்ல பட்டாவுல புஞ்சைன்னு இருக்கறதும் மாஸ்டர் பிளான்ல விவசாய மண்டலம்னு இருக்கறதும் வேற வேற, முன்னது ரெவின்யூ ரெக்கார்டு, பின்னது எந்த இடத்த எதுக்கு பயன்படுத்தலாம்னு 1971 நகர் ஊரமைப்பு சட்டப்படி போட்ட பிளான். அதனால சர்வே நம்பர சொல்லி எந்த மண்டலம்னு சேலம் உள்ளூர் திட்டக் குழும ஆபீஸ்ல (மாஸ்டர் பிளான பாக்கற அரசு அமைப்பு) கேளுங்க.

மாஸ்டர் பிளானுக்குள்ள வந்து விவசாயம்னு இருந்தா, மண்டல மாற்றத்துக்கு அப்ளை பண்ணணும், சைட்ட வந்து பாப்பாங்க, ரோடு எவ்ளோ அகலம், பக்கத்துல ஏரி வாய்க்கா இருக்கா, சுத்தி என்ன இருக்குன்னு எல்லாம் பாத்து, பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆட்சேபனை கேட்டு, அப்புறம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வழியா மேல போகும். குழுமம் பரிந்துரை பண்ணினதையே ஆர்டர்னு நம்பிடுறாங்க பல பேரு.

மண்டலம் மாறினாலும் லேஅவுட் அப்ரூவல் (மனையா பிரிக்கறதுக்கான அனுமதி) தனியா வாங்கணும், இத யாரும் வாய தொறந்து சொல்றதில்ல. ஏற்காடு மேல இடம்னா இன்னும் கஷ்டம், மலைப்பகுதி நிலத்துக்குன்னு மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வேற இருக்கு.