மூடியைத் திறக்கும் நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வடக்கு ஆல்பர்ட்டா எண்ணெய் வயல்களில் டேங்கர் ஓட்டிய நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் ஒன்பது வருடமாகக் கேஸ் டேங்கர் ஓட்டுகிறான். கனடாவில் அதே வேலை, நாலு மடங்கு சம்பளம், பன்னிரண்டு லட்சம் கட்டினால் போதும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நிலத்தை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. எங்கள் பயமெல்லாம் பனி ரோட்டைப் பற்றித்தான். வண்டி வழுக்காதா? அம்மா கேட்கச் சொன்னது: சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?

ஒரு வாசகி, நாமக்கல்

அன்புள்ள தங்கைக்கு,

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டாதீர்கள். ஆல்பர்ட்டாவில் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி, வேலைக்கு வருகிறவரிடம் காசு வாங்குவதே சட்டவிரோதம். கொடுக்க வேண்டியது முதலாளி. தவிர, நம் ஊர் லைசென்ஸைக் காட்டி அங்கே டிரெய்லர் ஓட்ட முடியாது. கிளாஸ் 1 லைசென்ஸ் புதிதாக எடுக்க வேண்டும். 2018 ஏப்ரலில் பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஊர் ஹாக்கி அணியின் பஸ்ஸும் ஒரு லாரியும் மோதி 16 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டியவர் வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆனவர். அடுத்த வருடமே ஆல்பர்ட்டா, லைசென்ஸுக்கு முன் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டது. ஏஜென்ட் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, பனி ரோடு. கேட்டால் சிரிப்பீர்கள், அங்கே குளிர்காலத்தில்தான் ரோடு நன்றாக இருக்கும். அந்தப் பக்கத்தில் பல இடங்களில் நிலமே சதுப்பு, மஸ்கெக் என்பார்கள். கோடையில் லாரியை இறக்கினால் அச்சு வரை புதையும். அது உறைந்து கல்லான பிறகுதான் உள்ளே போகவே முடியும். மைனஸ் 30இல் டயர் பனியை ஓரளவு பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டிய நாளில், மேலே லேசாக உருகி நிற்கும்போதுதான் வழுக்கும். மேடு ஏற டயரில் சங்கிலி கட்டுவோம். ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுள்ள பாதைகளில் கிலோமீட்டர் பலகை வரும்போதெல்லாம் ரேடியோவில் "22, லோடு" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். எதிரே வரும் காலி வண்டி ஒதுங்கி வழிவிடும். இரண்டே நாளில் நாக்குக்குப் பழகிவிடும்.

வண்டி பெரிது. சூப்பர் பி என்று 8 அச்சு, இரண்டு டிரெய்லர், மொத்தம் 63,500 கிலோ வரை. உள்ளே எண்ணெய் அலையும். பிரேக் போட்ட பிறகும் முதுகில் ஒரு தள்ளு தள்ளும். இதைத் தம்பிக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கேஸ் டேங்கரை முழுக்க நிரப்ப மாட்டார்கள், விரிய இடம் விடுவார்கள். அரைகுறைத் தொட்டியோடு வளைவில் திரும்பத் தெரிந்த டிரைவர் (எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் இன்னும் சாரதி என்றுதான் சொல்வார்கள்) எந்த ஊரிலும் ஓட்டிவிடுவார்.

தம்பிக்குப் பழகாதது வேறொன்று. அவர் மூடிய தொட்டியோடு வாழ்ந்தவர். குழாய் மாட்டினால் கேஸ் தானாக ஏறும். கச்சா எண்ணெயில் பல கிணறுகளில் டிரைவரே இருபதடி உயரத் தொட்டியின் மேல் ஏறி, மூடியைக் கையால் திறந்து, டேப்பை இறக்கி அளவு பார்த்து, சாம்பிள் எடுக்க வேண்டும். மூடி திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த ஆவி முகத்தில் அடிக்கும். அதில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருந்தால் முதலில் கூமுட்டை நாற்றம் வரும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதியடைகிறவன் அங்கேயே விழுவான்.

அந்த வாயுவே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். புரொப்பேன், பியூட்டேன், அதாவது தம்பி சுமக்கும் அதே சரக்கு, காற்றை விலக்கிக்கொண்டு வெளியே வரும், மூச்சுவிடக் காற்று இருக்காது. அமெரிக்க எண்ணெய் வயல்களில் 2010 முதல் 2014 வரை இப்படி அளவு பார்க்கவும் சாம்பிள் எடுக்கவும் போன 9 பேர் இறந்ததைச் சொல்லி, அங்குள்ள அரசு அமைப்புகள் 2016இல் எச்சரிக்கை வெளியிட்டன.

எனக்கும் ஒரு ராத்திரி அது நடந்தது. 2013 ஜனவரி, ஃபாக்ஸ் கிரீக் பக்கம், காற்றே இல்லாத மைனஸ் 36. மூடியைத் திறந்து குனிந்தேன். அடுத்து நினைவிருப்பது, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றதுதான். சட்டையில் மாட்டியிருந்த கருவி கத்தவில்லை. அது ஹைட்ரஜன் சல்பைடுக்கு மட்டுமானது. எப்படியோ இறங்கிப் படியில் உட்கார்ந்து ரேடியோவில் சொன்னேன். மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி: "லோடு ஏறிவிட்டதா?" கம்பெனி பெயர் வேண்டாம். ஏற்றிக்கொண்டுதான் போனேன், அதுவும் உண்மை. மணிக்கணக்குக்குச் சம்பளம், திரும்பிப் போனால் அந்த நாள் போச்சு.

சம்பளக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. மார்ச் கடைசியில் பனி உருகத் தொடங்கியதும் ரோட்டில் எடைக் கட்டுப்பாடு வந்துவிடும். 'பிரேக்கப்' என்பார்கள். மே மாதம் வரைகூட வண்டி சும்மா நிற்கும், சம்பளமும்தான். எண்ணெய் விலை விழுந்தால் மொத்தமாகவே வீடு. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே வந்தது. இடையில் 2015இல் என் வேலை போனது. நல்ல மாதத்துச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கித்தான் ஏஜென்ட் உங்களிடம் சொல்லியிருப்பார். குளிர்கால மாதங்களை மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். அடகுக்கு வட்டி பன்னிரண்டு மாதமும் ஓடும்.

இதையெல்லாம் கேட்டும் தம்பிக்கு ஆசை போகவில்லை என்றால், எந்தக் கம்பெனி என்று கேட்டு, அந்தக் கம்பெனிக்கே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரைச் சொல்ல ஏஜென்ட் தயங்கினால் அதுவே பதில்.

அம்மாவுக்கு: கேம்ப்பில் மூன்று வேளையும் வயிறு நிறையப் போடுவார்கள். இறைச்சி, முட்டை, பழம், கேக் எல்லாம் உண்டு. சோறும் உண்டு, ஆனால் குழைந்திருக்கும், உப்பு இருக்காது. நான் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை லாரியிலேயே வைத்திருந்தேன். முதல் வாரமே உறைந்து வெடித்துவிட்டது. பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.